கேள்வி – பதில்: பொன் தீர்ந்த ஊரின் கோவில்கள்

சென்ற இதழில் பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்து மலையூரான ஓரோ பிரெட்டோவைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. 1690களில் ஓடை மணலில் பொன் கிடைத்ததால் பிறந்து, 1711இல் விலா ரிக்கா என்ற பெயரில் நகரமாகி, இரண்டு தலைமுறைக் காலம் போர்த்துக்கீசிய அரசின் கருவூலத்தை நிரப்பி, பொன் குறைந்ததும் ஒடுங்கிப்போன அந்த ஊரில் 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன என்பதே அதன் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களுள், நேரில் சென்று பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

சாவோ பாவ்லோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் செல்கிறோம். ஓரோ பிரெட்டோவுக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியும். அங்கே பத்துக்கும் மேற்பட்ட கோவில்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

அழகை வைத்து வரிசைப்படுத்தினால் இரண்டு நாள் போதாது. எந்தக் கோவிலை யார் கட்டினார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஐந்து கோவில்களே போதும். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பொன் கிடைத்த மாவட்டங்களில் துறவற சபைகள் மடம் அமைக்கக் கூடாது என்று போர்த்துக்கீசிய அரசு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தடை விதித்தது. துறவிகளின் அங்கிக்குள் பொன் கடத்தப்படுகிறது என்ற சந்தேகம் அதற்கு ஒரு காரணம். ஆகவே பிரேசிலின் கடற்கரை நகரங்களில் துறவிகள் செய்த வேலையை இந்த மலையூரில் பொதுநிலையினரின் சகோதர சபைகள் செய்தன. நிலம் வாங்கியதும், கொத்தனாரையும் சிற்பியையும் ஒப்பந்தத்தில் அமர்த்தியதும், குருவானவருக்குப் படி அளந்ததும் அவர்கள்தாம். அந்தச் சபைகளோ மக்களின் நிறத்தையும் நிலையையும் ஒட்டிப் பிரிந்திருந்தன. பெருவணிகர்களும் அதிகாரிகளும் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையிலோ கார்மேல் மூன்றாம் சபையிலோ இருந்தார்கள். துறவு பூணாமல் ஒரு துறவற சபையோடு இணைந்து வாழும் பொதுநிலையினரின் அமைப்பே மூன்றாம் சபை. அவற்றில் சேர்வதற்கு ‘இரத்தத் தூய்மை’, அதாவது மூதாதையரில் கறுப்பரோ யூதரோ இல்லை என்பதை, காட்ட வேண்டியிருந்தது. கலப்பினக் கைவினைஞர்களுக்குப் புனித சூசையப்பர் சபை, பிரேசிலில் பிறந்த கறுப்பர்களுக்கு இரக்கத்தின் மாதா சபை, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குச் செபமாலை மாதா சபை என்று ஆளுக்கொரு சபையும் சபைக்கொரு கோவிலும் இருந்தன. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிக்காக எழுப்பப்பட்ட பிரிவினைச் சுவரின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. அங்கே ஒரே கூரையின் கீழ்ச் சுவர் எழுப்பினார்கள். இங்கே தனித்தனிக் கூரையே போட்டுக்கொண்டார்கள்.

சபையில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு விடை காலடியில் இருக்கிறது. இவ்வூர்க் கோவில்கள் பலவற்றில் தளம் பலகையால் ஆனது. ஆள் நீளத்துக்குச் சட்டமிட்டு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் எண் பொறித்திருப்பார்கள். அவை உறுப்பினர்களின் கல்லறைகள். நோயில் உதவி, சாவில் அடக்கம், செத்தபின் ஆன்மாவுக்குத் திருப்பலி ஆகியவற்றைச் சபை பார்த்துக்கொண்டது. அடிமைகளின் சபைகள் சில நேரங்களில் உறுப்பினரின் விடுதலைக்கான பணத்தையும் திரட்டித் தந்தன. சுரங்கத்தில் உடல் யாருக்கோ சொந்தமாயிருந்த மனிதருக்கு, எண் பொறித்த அந்த ஆறடி மட்டும் தன்னுடையது.

இனி உங்கள் இரண்டு நாள். முதல் நாள் காலையில் பிலார் மாதா கோவிலுக்குச் செல்லுங்கள். அது ஊரின் மேற்குப் பகுதிக்குரிய பங்குக் கோவில். அங்கிருந்து சில நிமிட நடையில் கறுப்பர்களின் செபமாலை மாதா கோவில் இருக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது அவசியம். பிலாரில் உள்ளே பொன், வெளியே சாதாரணச் சுவர். செபமாலை மாதா கோவிலிலோ எல்லா அழகும் வெளியே இருக்கிறது. ஒன்றோடொன்று இணைந்த இரண்டு நீள்வட்டங்களாக அமைந்த அந்தக் கட்டடத்தின் முகப்பு, வளைந்த சுவரும் உருண்டை கோபுரங்களுமாகத் தெருவை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. உள்ளே சென்றால் எளிய பீடங்கள்தாம். பணம் முகப்போடு தீர்ந்துவிட்டது என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் மினாஸ் ஜெரைஸிலேயே துணிச்சலான கட்டட வடிவம் அடிமைகளின் சபைக்கு வாய்த்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் நாள் காலையில், கால்கள் களைப்படையுமுன், கிழக்குக் குன்றின் மேலுள்ள புனித எஃபிஜேனியா கோவிலுக்கு வாடகைக் காரில் ஏறிச்சென்று, திரும்பும்போது இறக்கத்தில் மெல்ல நடந்து வாருங்கள். வழியில் அமல உற்பவ மாதா கோவில் வரும். சிற்பி அலெய்ஜாதின்யோ அடக்கம் செய்யப்பட்டிருப்பது அங்கேதான். பிற்பகலை முழுவதுமாகப் புனித பிரான்சிஸ் அசிசியார் கோவிலுக்கு விடுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் இதையே முதலில் காட்டுவார்கள். நாங்கள் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், இதை முதலில் பார்த்தவர்களுக்கு மற்றவை சப்பென்று ஆகிவிடும் என்பதே. கார்மேல் மாதா கோவிலை நேரமிருந்தால் பார்க்கலாம். மினாஸின் பொற்காலக் கோவில்களில் போர்த்துக்கலிலிருந்து வந்த நீல ஓடுகள் பதித்த பீடப்பகுதி இதற்கு மட்டுமே உண்டு. மலைப்பாதையில் கோவேறு கழுதைகளின் முதுகில் ஓடு உடையாமல் வந்து சேர்வது லேசான செயல் அல்ல.

பெரும்பாலான கோவில்கள் திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும்; நண்பகலிலும் நடை சாத்துவது உண்டு. ஆகவே உங்கள் இரண்டு நாளில் ஒன்று திங்களாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிலார் மாதா கோவிலில் 400 கிலோ தங்கம் இருப்பதாக இணையத்தில் படித்தேன். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

அந்த எண்ணை ஊரார் சொல்கிறார்கள், கையேடுகளும் எழுதுகின்றன. பூச்சைச் சுரண்டாமல் எடை போட வழியில்லை என்பதால் இந்தக் கணக்கு இப்படியே நீடிக்கும். தங்கக் கட்டியாக எதுவும் அங்கே இல்லை. மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள், திராட்சைக் கொடிகள், முறுக்குத் தூண்கள் ஆகியவற்றின்மேல் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சும், அதன்மேல் செம்மண் பூச்சும் இட்டு, காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிதாகத் தட்டிய பொன் ரேக்கை ஒட்டி, மெருகுக் கல்லால் தேய்த்திருக்கிறார்கள். ரேக்கு தேய்ந்த மூலைகளில் அடியிலுள்ள செம்மண் எட்டிப் பார்ப்பதைக் கண் பழகியபின் நீங்களே காணலாம். பீடப்பகுதியின் செதுக்கு வேலை 1740களின் பிற்பாதியில் பிரான்சிஸ்கோ சேவியர் த பிரித்தோ என்ற போர்த்துக்கீசியச் சிற்பி தொடங்கியது. கற்சுவருக்குள் மரத்தாலேயே பல்கோண வடிவில் இன்னொரு உட்சுவர் எழுப்பியிருப்பதால், வெளியிலிருந்து சதுரமாகத் தெரியும் கோவில் உள்ளே நாடக அரங்கைப்போல் வளைந்துகொள்கிறது.

எடையைவிட 1733ஆம் ஆண்டு மே 24 அன்று நடந்த ஊர்வலம் இந்தக் கோவிலைப் பற்றி அதிகம் சொல்லும். பிலார் கோவிலைப் புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாக வணங்கப்படும் அப்பம், செபமாலை மாதா கோவிலில் வைக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப எழுந்தருளச் செய்த விழாவில் குதிரைகளும், வைரமும் பட்டும் அணிந்து கோள்களாகவும் காற்றுகளாகவும் வேடமிட்டவர்களும், இசைக்குழுக்களும் தெருவில் சென்ற காட்சியை ஒருவர் எழுதி, மறு ஆண்டே லிஸ்பனில் அச்சிட்டார்கள். வெட்டியெடுத்த பொன்னில் ஐந்தில் ஒரு பங்கை வரியாக எடுத்துக்கொண்ட அரசுக்கு, மீதி நான்கு பங்கில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் காட்டிய விழா அது. நற்கருணைக்கு அத்தனை காலம் இடம் தந்தவர்கள் அடிமைகளின் சபையார் என்பதும் அந்தக் காட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

கோவிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா? படம் எடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வேளாங்கண்ணியில் பழகிய வழக்கத்தால் கழற்றிவிட்டுச் சென்றால் காவலர்தாம் திகைப்பார். ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான கோவில்களுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. பார்வையாளர் நேரத்தில் சிறு கட்டணம் உண்டு; திருப்பலிக்குச் செல்பவர்களிடம் வாங்குவதில்லை. ஆனால் திருப்பலியைச் சாக்காக வைத்துச் சுற்றிப் பார்ப்பது நாகரிகம் ஆகாது.

நான் மாமல்லபுரத்தில் சிற்ப வேலை செய்பவன். கைவிரல்களை இழந்த சிற்பி ஒருவர் அந்தக் கோவில்களைச் செதுக்கியதாக எழுதியிருந்தீர்கள். என்ன கல், எப்படிச் செதுக்கினார் என்று சொல்ல முடியுமா?
– சிற்பி, மாமல்லபுரம்

கல் உங்களுக்கு நன்கு தெரிந்த மாக்கல். நம் வீடுகளில் கல்சட்டியாகப் புழங்கும் அதே வகைக் கல்தான்; அந்த ஊரிலும் அதில் சமையல் பாத்திரம் கடைகிறார்கள், புனித பிரான்சிஸ் கோவிலுக்கு எதிரிலுள்ள திடலில் அது அன்றாடம் விற்பனைக்கு வருகிறது. கருங்கல்லைப்போல் உளியை எதிர்க்காமல் வெட்ட வெட்ட இடம் கொடுப்பதால், துணியின் மடிப்பையும் தலைமுடியின் சுருளையும் மரத்தில் செதுக்குவதுபோல் இதில் எடுத்துவிடலாம். அதே மென்மையால் மழையிலும் கை படுவதிலும் விரைவில் மழுங்கியும் போகும்.

அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா என்பது அவருடைய இயற்பெயர். தந்தை மனுவேல் பிரான்சிஸ்கோ லிஸ்போவா போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞர். கார்மேல் கோவிலுக்கு வரைபடம் போட்டவர். தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். 1777ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோய் தொடங்கிக் கைகால்களைச் சிதைத்தது. அது தொழுநோயா வேறொன்றா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அலெய்ஜாதின்யோ, அதாவது ‘முடவனார்’, என்று ஊர் அவரை அழைத்தது. அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு 1858இல், அவர் இறந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், ரொட்ரிகோ பிரெட்டாஸ் என்பவரால் எழுதப்பட்டது. மௌரிசியோ என்ற அடிமை உதவியாளர் உளியையும் சுத்தியலையும் அவருடைய கையில் கட்டிவிடுவார் என்ற செய்தி அதிலிருந்து வருவதே. பட்டறை என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பல கைகள் வேலை செய்திருக்கின்றன. அவற்றில் அடிமைகளின் கைகளும் உண்டு. அலெய்ஜாதின்யோவின் பெயரில் காட்டப்படும் எல்லாவற்றையும் அவர் ஒருவரே செதுக்கினார் என்று நம்ப வேண்டியதில்லை.

நீங்கள் சென்றால் 1766இல் தொடங்கிய புனித பிரான்சிஸ் கோவிலின் வாசலுக்கு எதிரே நின்று முதலில் மேலே பாருங்கள். வழக்கமாக முகப்பில் வட்டச் சாளரம் வரவேண்டிய இடத்தை அடைத்து, அங்கே ஒரு வட்டப் புடைப்புச் சிற்பத்தை வைத்திருக்கிறார். மண்டியிட்ட பிரான்சிஸ் கைகளை விரித்து, சிலுவையில் கிறிஸ்து பட்ட ஐந்து காயங்களைத் தம் உடலில் ஏற்கும் காட்சி அது. ஒளி வரவேண்டிய துளையில் சிற்பத்தை வைக்கும் துணிச்சல் எல்லாருக்கும் வராது. உருண்டையான மணிக்கோபுரங்கள் முகப்புக்குப் பின்னே சற்று ஒதுங்கி நிற்பதால், நடுப்பகுதி முன்னோக்கி நகர்ந்து வருவதுபோல் தோன்றும். உள்ளே, கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் வளைவின் இருபுறமும் மாக்கல்லில் செய்த பிரசங்க மேடைகள் இருக்கின்றன. அவையும் அவருடைய வேலை.

கூடத்தின் மரக் கூரையில் 1801 தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓவியம் தீட்டியவர், பக்கத்து ஊரான மரியானாவைச் சேர்ந்த மனுவேல் த கோஸ்தா அத்தாயிடே. தூண்கள் வானத்தை நோக்கி எழுவதுபோல் கண்ணை ஏமாற்றி, நடுவே மேகம் திறந்து, இசைக்கருவி ஏந்திய தேவதூதர்கள் சூழ மரியன்னை வீற்றிருக்கிறார். தடித்த உதடும் மாநிறமும் கொண்ட கலப்பினப் பெண்ணின் முகம் அது. ஓவியர் தம் துணைவியையே பார்த்து வரைந்தார் என்பது ஊர் வழக்கு. ‘இரத்தத் தூய்மை’ கேட்ட சபையின் கூரையிலேயே அந்த முகம் இருக்கிறது. பீடப்பகுதியின் அடிச்சுவரில் நீல ஓடுகள்போல் தோன்றும் ஆபிரகாமின் கதையும் அத்தாயிடேயின் தூரிகைதான். கிட்டே சென்றால் பலகை தெரியும். அண்டைக் கார்மேல் கோவிலில் அசல் ஓடு, இங்கே தீட்டிய ஓடு. 1760களிலிருந்தே பொன்னின் வரத்து இறங்கிக்கொண்டிருந்தது. ரசனையும் மாறி, வெள்ளைப் பின்னணியில் ஆங்காங்கே பொன் என்ற புதிய பாணி வந்திருந்தது. ஊரின் தலைசிறந்த கோவில் எழுந்தது பொன் பெருகிய காலத்தில் அல்ல, வற்றத் தொடங்கிய காலத்தில்.

அடிமையாக வந்த ஆப்பிரிக்க அரசர் ஒருவர் சுரங்கத்தையே விலைக்கு வாங்கிக் கோவில் கட்டினாராமே? வரலாறா, கதையா?
– கல்லூரி மாணவர், மதுரை

சிக்கோ ரெய் என்று அழைக்கப்படும் அவருடைய கதை இதுதான். கொங்கோ நாட்டு அரசர் சிறைப்பட்டு, விலா ரிக்காவில் விற்கப்பட்டு, உழைத்துத் தம் மகனையும் தம்மையும் விடுவித்துக்கொண்டு, கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தை வாங்கி, அதன் பொன்னால் தம் மக்களை மீட்டு, புனித எஃபிஜேனியா கோவிலை எழுப்பினார். கறுப்பினப் பெண்கள் சுரங்கத்திலிருந்து தலைமுடிக்குள் பொன்தூளை மறைத்துக் கொண்டுவந்து கோவிலின் தீர்த்தத் தொட்டியில் அலசிக் காணிக்கையாக்கினார்கள் என்ற கிளைக்கதையும் உண்டு.

எழுத்தில் இந்தக் கதை முதலில் வந்தது 1904இல்தான், அதுவும் ஒரு வரலாற்று நூலின் அடிக்குறிப்பாக. அதற்கு முந்தைய ஆவணம் எதுவும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் கதையின் உறுப்புகள் ஒவ்வொன்றும் நடப்பில் இருந்தவை. செபமாலை மாதா சபைகள் ஆண்டுதோறும் தங்களுக்கு ஓர் அரசரையும் அரசியையும் தேர்ந்து முடிசூட்டின. அடிமைகள் காசு சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டதும் உண்டு. 1733க்கும் 1785க்கும் இடையில் மெல்ல மெல்ல அந்தக் கோவில் எழுந்ததும் உண்மை. இவற்றை ஒரு மனிதரின் வாழ்க்கையாக ஊர் கோத்துக்கொண்டது. உள்ளே எத்தியோப்பிய இளவரசியாகச் சொல்லப்படும் எஃபிஜேனியாவும் பிற கறுப்பினப் புனிதர்களும் பீடங்களில் இருக்கிறார்கள். பீடப்பகுதியின் கூரையில் திருத்தந்தை ஒருவரைக் கறுப்பராகத் தீட்டியிருக்கிறார்கள். கழுத்து வலித்தாலும் அதைப் பார்க்காமல் வராதீர்கள். ஜனவரியில் நடக்கும் காங்காடோ விழாவில் இந்தக் குன்றின் மேல் முரசும் நடனமுமாக அரச ஊர்வலம் இப்போதும் வருகிறது.

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கே சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபின் எங்கள் ஊர் கண்முன்னே தேய்கிறது. ஓரோ பிரெட்டோவின் கோவில்கள் மட்டும் எப்படித் தப்பின?
– வாசகர், கோலார் தங்கவயல்

பெரும்பகுதி கைவிடப்பட்டதாலேயே தப்பின என்பதுதான் நேர்மையான பதில். பொன் குறைந்தபின்னும் மாநிலத் தலைநகர் என்ற தகுதி அந்த ஊரைத் தாங்கியது. 1897 டிசம்பரில் தலைநகரைப் புதிதாகக் கட்டிய பெலோ ஹொரிசோண்டேவுக்கு மாற்றியதும், அலுவலர்களும் வணிகர்களும் மூட்டை கட்டினார்கள். பழையதை இடித்துப் புதியதைக் கட்டும் வசதி மிஞ்சியவர்களிடம் இல்லை. கோவில்களோ அரசுக்குச் சொந்தமாக இருந்தவை அல்ல. மறைமாவட்டமும் சபைகளும் திருவிழாவை விடாமல் நடத்தியதால் கூரையை அவ்வப்போது மாற்றவும் மணியை அடிக்கவும் ஆள் இருந்தது.

பிறகு வந்தது வெளியாரின் கவனம். 1924 புனித வாரத்தில் சாவோ பாவ்லோவின் இளம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இங்கே வந்து, தங்கள் நாட்டின் கலைக்கு வேர் இதுவே என்று எழுதத் தொடங்கினார்கள். 1933இல் ஊர் முழுவதும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1937இல் தேசியப் பாரம்பரியத் துறையே பிறந்தது. 1980இல் யுனெஸ்கோவின் பட்டியலில் பிரேசிலின் முதல் இடமாக இது சேர்ந்தது. 1876இல் தொடங்கிய சுரங்கப் பொறியியல் கல்லூரி ஊரை விட்டுப் போகாததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று தெருவில் பாதிப் பேர் மாணவர்கள் என்று தோன்றும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. தங்கவயலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது. உங்கள் ஊரில் வேலை, வீடு, மருத்துவமனை, மின்சாரம் என்று யாவும் சுரங்கத்தோடு பிணைந்திருந்தன. கம்பெனி போனதும் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் இல்லாமல் போயிற்று.

ஆயினும் தப்பிவிட்டது என்று முடிவாகச் சொல்வதற்கில்லை. சுரங்க வழிகளால் துளைபட்ட சரிவுகளில் நிற்கும் ஊர் அது. 2022 ஜனவரி மழையில் குன்று ஒன்று சரிந்து 19ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைச் சில நொடிகளில் விழுங்கிய காட்சி உலகெங்கும் பரவியது. பழுது பார்ப்பதற்காகக் கோவில்கள் ஆண்டுக்கணக்கில் மூடப்படுவதும் உண்டு. போகுமுன் எவை திறந்திருக்கின்றன என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் போகலாம்? புனித வாரத்தில் போனால் கூட்டம் அதிகமாக இருக்குமா?
– வாசகி, புதுச்சேரி

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். கடல்மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டரைத் தாண்டிய ஊர் என்பதால் இரவில் குளிரும், கம்பளி வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழவழப்பான பாவுகற்கள் நனைந்துவிட்டால், அந்தச் செங்குத்தான தெருக்களில் முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்குவது கடினம். கார்னிவல் நாட்களில் மாணவர் கொண்டாட்டம் தெருவை நிறைத்துவிடும். கோவில் பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஏற்ற காலம் அல்ல.

புனித வாரத்தில் கூட்டம் இருக்கும், அறை வாடகையும் ஏறும். இருந்தாலும் ஒருமுறை பார்க்கத் தக்கது. பிலார் பங்கும் அமல உற்பவ மாதா பங்கும் ஓர் ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து அந்த வாரத்தை நடத்துகின்றன. பழைய காலத்தில் இரண்டு தனித்தனிச் சுரங்கக் குடியிருப்புகளாக இருந்த பகுதிகள் அவை. அந்தப் போட்டி இன்றைக்கும் ஆறவில்லை என்பதை அலங்காரத்தில் காணலாம். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய இரவு முழுவதும் ஊரார் தெருவில் மண்டியிட்டுச் சாயமேற்றிய மரத்தூள், காப்பித்தூள், மணல், பூவிதழ் ஆகியவற்றால் பாதை நெடுகச் சித்திரம் போடுகிறார்கள். விடிந்ததும் நற்கருணை ஊர்வலம் அதன்மேல் நடந்து சென்றுவிடும். இரவு பதினொரு மணிக்குமேல் தெருவுக்குச் சென்று நின்றால், சற்று நேரத்தில் உங்கள் கையிலும் யாராவது ஒரு பை மரத்தூளைக் கொடுத்துவிடுவார்கள்.

பிரேசில் போய்த் திரும்பினால் விமான நிலையத்தில் தனிமைப்படுத்துவார்கள் என்று கேள்விப்பட்டோம். சரியா?
– வாசகர், சேலம்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பினால் அது நடக்கலாம். மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கொசுவால் பரவும் வேறொரு நோய், இந்தியாவுக்குள் இதுவரை நுழையாதது. அதனால்தான் நம் அரசு கண்டிப்பாக இருக்கிறது. நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் பிரேசில் இருப்பதால், அங்கிருந்து வருபவரிடம் செல்லுபடியாகும் சான்று இல்லையெனில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தபின்னரே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியின் பக்கவிளைவு சற்று அதிகம் என்பதால், மேலே எழுதிய திருச்சி ஆசிரியை போன்றவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். விசா தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அருகில் வேறு எந்த ஊருக்குப் போகலாம்? மரியானாவா, கொங்கோன்யாஸா?
– வாசகர், நாகர்கோவில்

அரை நாள் இருந்தால் மரியானா. ஒரு முழு நாளைத் தர முடிந்தால் கொங்கோன்யாஸ்.

மரியானா பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உள்ளூர்ப் பேருந்திலேயே போய்வரலாம். 1745இல் மறைமாவட்டத் தலைமையிடமான இந்த ஊரின் பேராலயத்தில், ஹாம்பர்க் நகரத்து ஆர்ப் ஷ்னிட்கரின் பட்டறையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த குழாய் ஆர்கன் ஒன்று உண்டு. போர்த்துக்கீசிய மன்னரின் கொடையாக 1753இல் வந்து சேர்ந்தது. அதில் கச்சேரி நடக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு, பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் திடலில் பிரான்சிஸ்கன் கோவிலும் கார்மேல் கோவிலும் அருகருகே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், சபைக்கொரு கோவில் என்று நாங்கள் எழுதியது மிகை இல்லை என்பது விளங்கும்.

கொங்கோன்யாஸில் அலெய்ஜாதின்யோ தம் கடைசிக் காலத்தில் செய்த பெரும்பணி இருக்கிறது. குன்றேறும் வழியில் ஆறு சிறு கோவில்களுக்குள் ஆளுயர மரச் சுரூபங்கள் அறுபதுக்கும் மேல். உச்சியில் தேவாலயத்தின் படிக்கட்டுச் சுவர்மேல் 1800க்கும் 1805க்கும் இடையில் மாக்கல்லில் செதுக்கிய பன்னிரண்டு இறைவாக்கினர்கள். கீழே நின்று பார்த்தால் ஒவ்வொருவரும் வெவ்வேறு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். படியேற ஏற அந்த அமைப்பு மாறிக்கொண்டே வரும். மாமல்லபுரத்து வாசகர் இதைத் தவறவிடக் கூடாது. ஓரோ பிரெட்டோவிலிருந்து பேருந்து இணைப்பு சுற்றுவழி. பெலோ ஹொரிசோண்டேவிலிருந்து ரியோ செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 80 கி.மீ. ஆகவே ஊர் திரும்பும் நாளில் அதை வைத்துக்கொண்டு, பெட்டிகளோடு வாடகைக் காரில் சென்று, அங்கிருந்து விமான நிலையம் போய்ச் சேர்வதே வசதி.